போர் தொடங்கிய நாளை எதற்குக் கொண்டாடுகிறார்கள்? (கிரேக்கம், 1940–44)

கடல்காற்று எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த சங்கதி இது. சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் 28 அன்று எங்கள் கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. சிம் கார்டு வாங்கலாம் என்று இறங்கினால் கடையெல்லாம் பூட்டு. பால்கனிக்குப் பால்கனி நீலமும் வெள்ளையுமாகக் கொடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக அணிவகுத்துப் போகிறார்கள். சுதந்திர தினமா என்று கேட்டேன். "இல்லை, ஓஹி தினம்" என்றார் ஏஜென்ட் ஆபீஸ் பையன். ஓஹி என்றால் "இல்லை", "முடியாது". (ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்வது "நே". இந்த இரண்டிலும் குழம்பாத மாலுமி கிடையாது.)

1940-ல் இத்தாலிக்கு முடியாது என்று சொன்ன நாள் என்று விளக்கினான். சரி, ஆனால் அன்றைக்குத்தானே போரே தொடங்கியது? எல்லா நாடும் போர் முடிந்த நாளைக் கொண்டாடும். இவர்கள் ஏன் தொடங்கிய நாளைக் கொண்டாடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

கல்யாண நாளைக் கொண்டாடுவது மாதிரிதான் அண்ணே 😀

---

பரண்புத்தகம் எழுதியது:

குட்டிச்சுவர் வந்தாயிற்று, இழை உருப்பட்ட மாதிரிதான். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

1940 அக்டோபர் 28, விடியற்காலை மூன்று மணி. ஏதென்ஸுக்கு வெளியே கிஃபிசியாவில் பிரதமர் மெடாக்ஸாஸின் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இத்தாலியத் தூதர் கிராட்ஸி. மெடாக்ஸாஸ் தூக்கத்திலிருந்து எழுந்து, இரவு உடைக்கு மேல் ஓர் அங்கியைச் சுற்றிக்கொண்டு வருகிறார். தூதர் கொடுத்த கடிதத்தில் இருந்தது இதுதான்: கிரேக்க மண்ணில் சில முக்கிய இடங்களை இத்தாலியப் படை பிடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும், கெடு மூன்று மணி நேரம். எந்தெந்த இடங்கள் என்று மெடாக்ஸாஸ் கேட்டார். அது தூதருக்கே தெரியாது. "அப்படியென்றால் இது போர்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார் மெடாக்ஸாஸ். "ஓஹி" என்ற சொல்லை அவர் அந்த அறையில் சொல்லவே இல்லை. அது அடுத்தடுத்த நாட்களில் பத்திரிகைத் தலைப்பிலும் தெருவிலும் வந்தது.

கெடு காலை ஆறு மணி வரை. ஐந்தரைக்கே அல்பேனிய எல்லையில் சுட ஆரம்பித்துவிட்டார்கள். அல்பேனியா 1939 ஏப்ரலிலிருந்தே இத்தாலியின் கையில் இருந்தது.

கெடு திடீரென்று வந்ததும் அல்ல. ஆகஸ்ட் 15 அன்று, டினோஸ் தீவில் மாதா திருவிழாக் கூட்டம் நிரம்பி வழியும்போது, துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை ஒரு நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் மட்டும் வாயைத் திறக்கவில்லை, போரைத் தள்ளிப்போடப் பார்த்தது. நம் ஊரில் தேர் நிலைக்கு வரும் நேரத்தில் குண்டு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. அக்டோபரில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

பரண் சார் நன்றாகத்தான் சொல்கிறார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். மெடாக்ஸாஸ் ஒன்றும் ஜனநாயகத் தலைவர் இல்லை. 1936 ஆகஸ்ட் 4-ல் நாடாளுமன்றத்தை மூடிவிட்டுச் சர்வாதிகாரியாக உட்கார்ந்தவர். பத்திரிகைக்குத் தணிக்கை, கம்யூனிஸ்டுகளுக்குத் தீவுச் சிறை, இளைஞர்களுக்குச் சீருடைப் படை, பாசிச பாணி வணக்கம் எல்லாம் அவர் காலத்தில் உண்டு. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கு "முடியாது" என்று சொன்னது இன்னொரு குட்டி முசோலினி. இதில் யாரைக் கொண்டாடுவது?

---

மல்லிகா_டீச்சர் எழுதியது:

ஈரோட்டுத் தம்பி கேட்டது அங்கே எண்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சண்டை. இடதுசாரிகள் "மக்கள் சொன்ன ஓஹி" என்பார்கள், மற்றவர்கள் "மெடாக்ஸாஸ் சொன்ன ஓஹி" என்பார்கள்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சகாரியாடிஸ் அப்போது மெடாக்ஸாஸின் சிறையில்தான் இருந்தார். போர் தொடங்கிய மூன்றாம் நாள் சிறைக்குள்ளிருந்து ஒரு கடிதம் எழுதினார். இந்தப் போரை நடத்துவது மெடாக்ஸாஸ் அரசு என்றாலும் தயங்காமல் முழுப் பலத்தையும் கொடுங்கள் என்பது அதன் சாரம். தன்னைப் பூட்டி வைத்தவனுக்காக அப்படி எழுத மனசு வேண்டும். கடிதம் வந்த பிறகும் கைதிகளை வெளியே விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் விளைவு 1944 மே மாதம் தெரிந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது.

---

கடல்காற்று எழுதியது:

டீச்சரம்மா பாலை இறக்கிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்.

எனக்கு இன்னொரு சந்தேகம். இத்தாலி எவ்வளவு பெரிய நாடு. எப்படி அடி வாங்கினார்கள்?

---

பரண்புத்தகம் எழுதியது:

மழை, சேறு, மலை, கூடவே முசோலினியின் அவசரம்.

ஹிட்லர் தன்னிடம் சொல்லாமல் ருமேனியாவுக்குள் படையை அனுப்பிவிட்டார் என்ற கடுப்பில் இருந்தார் முசோலினி. அக்டோபர் 15 அன்று தளபதிகளைக் கூப்பிட்டு, இரண்டு வாரத்தில் கிரேக்கத்துக்குள் இறங்க வேண்டும் என்று முடிவெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அதே மாதம்தான் லட்சக்கணக்கான சிப்பாய்களை அறுவடைக்காக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பல்கேரியாவும் கிழக்கிலிருந்து இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பல்கேரியா அசையவே இல்லை. அதனால் கிரேக்கம் அந்த எல்லையிலிருந்த படையை எடுத்து மேற்கே அனுப்ப முடிந்தது.

இரண்டு இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று கல்பாகி. யானினா ஊருக்குப் போகும் பாதையில் இருக்கும் கணவாய். அங்கே எட்டாவது டிவிஷனின் தளபதி காட்சிமிட்ரோஸ். தேவைப்பட்டால் மெதுவாகப் பின்வாங்கலாம் என்று மேலிடம் விட்டிருந்தது. இவர் அதற்கு மசியவில்லை, இங்கேயே நிற்கிறேன் என்று குழி வெட்டி, தடை போட்டு உட்கார்ந்தார். கலமாஸ் ஆறு மழையில் பெருகிவிட, இத்தாலிய டாங்கிகள் சேற்றில் சிக்கின.

இரண்டாவது பிந்தோஸ் மலை. கர்னல் டவாகிஸ், சுமார் 2,000 பேர், காக்க வேண்டிய எல்லை 35 கிலோமீட்டர் போல. எதிரே வந்தது யூலியா என்ற ஆல்பைன் டிவிஷன், மலைச்சண்டைக்கென்றே பழக்கிய ஆட்கள், பத்தாயிரத்துக்கும் மேல். டவாகிஸ் உடல்நிலை காரணமாக ஏற்கெனவே ஓய்வு பெற்றவர், போருக்காகத் திரும்பி வந்தார். மெல்ல விட்டுக்கொடுத்து, யூலியா வோவூசா என்ற மலைக் கிராமம் வரைக்கும் உள்ளே வந்து நீண்டு மெலிந்ததும், பக்கவாட்டில் வந்து சேர்ந்த கிரேக்கப் படைகள் சுற்றி வளைத்தன. நவம்பர் 2 அன்று டவாகிஸுக்கு நெஞ்சில் குண்டு. உயிர் பிழைத்தார். ஆனால் 1943-ல் இத்தாலியர்கள் அவரைக் கைதியாகக் கப்பலில் கொண்டுபோகும்போது அந்தக் கப்பலே டார்பிடோவில் மூழ்கி இறந்தார்.

நவம்பர் 14 முதல் கிரேக்கர்கள் திருப்பி அடித்தார்கள். 22-ல் அல்பேனியாவுக்குள் கோர்ச்சா நகரம் விழுந்தது. டிசம்பர் 8-ல் ஜிரோகாஸ்டர். அச்சு நாடுகள் (ஜெர்மனி, இத்தாலி அணி) தொட்டதெல்லாம் துலங்கிய காலத்தில், தரையில் அவர்களைப் பின்னால் ஓட வைத்த முதல் படைகளில் ஒன்று இது. பாயும்போது அவர்கள் போட்ட கூச்சல் "ஆஏரா!" காற்று என்று அர்த்தம். (கடல்காற்று, உமக்குப் பொருத்தமான கோஷம்.)

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

கல்பாகியில் நின்ற காட்சிமிட்ரோஸ் அப்புறம் என்ன ஆனார் என்பதையும் சொல்லுங்கள் சார். ஜெர்மன்காரன் வைத்த பொம்மை அரசாங்கத்தில் அமைச்சர். போர் முடிந்ததும் அதற்காகத் தண்டனை வாங்கினார்.

---

பரண்புத்தகம் எழுதியது:

உண்மைதான். மறைக்க நினைக்கவில்லை, வரிசையாக வந்துகொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் நாயகன் துரோகியாவது அங்கே ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை.

---

மெல்பர்ன்_மாமி எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் பிந்தோஸ் என்று கண்டதும் எழுதாமல் இருக்கேலாது.

மெல்பர்னில் கிரேக்கச் சனம் நிறைய. எங்கட முந்தின வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்க மனிசி இருந்தவ. அவவின் தாய் பிந்தோஸ் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவவாம். போர் தொடங்கும்போது வயது பதினாறு. ஊர்க் கோவேறு கழுதைகளை எல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சில பாதைகளில் அந்தக் கழுதைகளுக்கும் ஏறேலாது. அங்கேதான் பெண்கள் போனார்கள். விறகு கட்டும் அதே கயிறு. பெட்டியை முதுகில் வைத்து, கயிற்றைத் தோள் வழியாக நெஞ்சில் குறுக்கே எடுத்து முடிச்சுப் போட்டு, குனிந்தபடி ஏறுவது. ரவைப் பெட்டி, பாண், கம்பளி. இறங்கும்போது காயப்பட்ட பெடியன்கள்.

"வீராங்கனை என்று சிலை வைத்திருக்கிறார்களே" என்று நான் ஒருக்கால் கேட்டேன். அவ சிரித்தா. தாய் சொல்வாவாம்: விறகுக்கு ஒவ்வொரு நாளும் போற பாதைதானே, அன்றைக்குச் சுமை மட்டும் வேறு. ஒரு கிழமைக்குப் பிறகும் தோளில் கயிற்றுத் தடம் மாறவில்லையாம். தாய்க்கு ஞாபகம் நின்றது அந்த எரிவுதான், வெடிச்சத்தம் இல்லை.

அந்தப் பெண்ணின் சிலை சகோரிப் பக்கம் அஸ்ப்ரங்கெலி என்ற ஊரில் இருக்குது.

---

குட்டிச்சுவர் எழுதியது:

மாமி, இதைப் படித்ததும் என் ஜோக்கை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

---

மெல்பர்ன்_மாமி எழுதியது:

இருக்கட்டும் ராசா, அவவும் பகிடிக்காரிதான்.

---

பரண்புத்தகம் எழுதியது:

மாமி எழுதியதற்குப் பிறகு டிவிஷன் எண்கள் எல்லாம் சப்பென்று இருக்கிறது. ஆனாலும் அந்தக் கழுதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மலையில் லாரி ஓடும் சாலை குறைவு. 75 மில்லிமீட்டர் மலைப்பீரங்கியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுதைகள் மேல் ஏற்றி, உச்சியில் போய் மறுபடி பூட்டுவார்கள். கிரேக்கர்கள் மேட்டைப் பிடித்துக்கொண்டு முன்னேறினார்கள், இத்தாலியர்கள் பள்ளத்தாக்குச் சாலையிலேயே தொங்கினார்கள். வித்தியாசம் அங்கேதான்.

குளிர்காலம் வந்ததும் இரண்டு பக்கமும் செத்தது. குண்டை விடப் பனிக்கடி கொடுமை. கால்விரல் கறுத்து, அழுகி, வெட்டி எடுக்க வேண்டியதாகி, ஆயிரக்கணக்கானவர்கள் ஊனமாகித் திரும்பினார்கள். 1941 ஜனவரி 29-ல் மெடாக்ஸாஸும் நோயில் செத்தார். மார்ச் 9 அன்று முசோலினி தானே அல்பேனியாவுக்கு வந்து உட்கார்ந்து பார்க்க ஒரு பெரிய தாக்குதல். 731 என்று எண் போட்ட ஒரு குன்றுக்காக நாள் கணக்கில் மோதினார்கள். குன்று கை மாறவில்லை. அவர் ஊர் திரும்பினார்.

ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி பல்கேரியா வழியாக இறங்கியது. எல்லையில் மெடாக்ஸாஸ் கோடு என்று கோட்டை வரிசை, அதில் ரூபெல் கோட்டை கடைசி வரை விழவில்லை. ஆனால் யூகோஸ்லாவியா சரிந்ததும் ஜெர்மன் டாங்கிகள் சுற்றிக்கொண்டு வந்து, 9-ஆம் தேதி தெசலோனிகியைப் பிடித்தன. முன்வாசலைப் பூட்டிக் காவல் நிற்கும்போது கொல்லைப்புறமாக வந்த கதை. பெரும்பகுதிப் படை இன்னும் அல்பேனியாவில். உதவிக்கு வந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை பின்வாங்கிக் கப்பலேறியது. மெடாக்ஸாஸுக்குப் பின் வந்த பிரதமர் கொரிஸிஸ் ஏப்ரல் 18 அன்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 27-ல் ஏதென்ஸில் ஜெர்மானியரின் ஸ்வஸ்திகாக் கொடி.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

அடுத்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "கிரேக்கர்கள் தாமதப்படுத்தியதால்தான் ஹிட்லர் மாஸ்கோவில் தோற்றார்." யூடியூபில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

---

பரண்புத்தகம் எழுதியது:

சொல்ல மாட்டேன். சின்ன வயதில் நானும் நம்பினேன், இப்போது பாதிதான் நம்புகிறேன்.

சோவியத் மீதான படையெடுப்புக்கு மே 15-க்குள் தயாராக வேண்டும் என்று 1940 டிசம்பரில் உத்தரவு. நடந்தது ஜூன் 22-ல். நடுவில் ஐந்து வாரம். ஆனால் கிரேக்கத்தில் இறங்குவது டிசம்பரிலேயே திட்டத்தில் இருந்தது. புதிதாகச் சேர்ந்தது, மார்ச் 27 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு யூகோஸ்லாவியா. அதோடு அந்த வருடம் பனி தாமதமாக உருகி, போலந்துப் பக்க ஆறுகள் கரை தளும்பின. லாரிகளும் வந்து சேரவில்லை. மே 15 அன்று கிளம்பியிருப்பார்கள் என்பதே சந்தேகம்.

அதற்காகப் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2-ஆவது, 5-ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷன்கள் கிரேக்கத்திலிருந்து வந்ததால் ஜூன் 22 அன்று முனையில் இல்லை. 2-ஆவது டிவிஷனின் வண்டிகளை ஏற்றி வந்த இரண்டு கப்பல்கள் மே 21 அன்று பிரிட்டிஷ் கண்ணிவெடியில் மூழ்கின.

---

கடல்காற்று எழுதியது:

கப்பல் என்றதும் காது நிமிர்கிறது. பெயர் தெரியுமா சார்?

---

பரண்புத்தகம் எழுதியது:

மார்பர்க், கிப்ஃபெல்ஸ். மேற்குக் கடலோரத்தில், கெஃபலோனியா தீவுப் பக்கம்.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

சரி, இந்த விஷயத்தில் சார் நேர்மையாகத்தான் இருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். (தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் கிரீட் தீவை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். மே 20, 1941. வானத்திலிருந்து பாராசூட்டில் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்கள். கிரீட்டின் சொந்த டிவிஷனான ஐந்தாவது டிவிஷன் அப்போது எங்கே? அல்பேனியப் போருக்குப் போய், பெருநிலப்பரப்பிலேயே மாட்டிக்கொண்டது. ஊரில் இருந்தது கிழவர்கள், பெண்கள், பையன்கள். அவர்கள் பழைய வேட்டைத் துப்பாக்கி, அரிவாள், மண்வெட்டி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒலிவத் தோப்புக்குள் இறங்கினார்கள். மாலெமே விமான ஓடுதளம் கை மாறியதும் தீவு போய்விட்டது, ஆனால் ஜெர்மன் பாராசூட் படை அங்கே வாங்கிய அடியில், ஹிட்லர் அதன் பிறகு அந்த அளவுக்கு வான்வழிப் படையெடுப்பு நடத்தவில்லை.

அதற்குக் கொடுத்த விலை: ஜூன் 2 அன்று கொந்தொமரி கிராமத்து ஆண்களை ஒலிவ மரத்தடியில் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கந்தனோஸ் என்ற ஊரையே தரைமட்டமாக்கி, "இங்கே கந்தனோஸ் இருந்தது" என்று பலகை நட்டார்கள்.

---

மல்லிகா_டீச்சர் எழுதியது:

பால் பொங்கவில்லை, நிம்மதி.

தம்பி விலை என்று சொன்னதால் தொடர்கிறேன். 1941–42 குளிர்காலம் ஏதென்ஸில் பஞ்சம். ஆக்கிரமித்தவர்கள் தானியத்தை அள்ளிக்கொண்டார்கள். பிரிட்டன் கடல் முற்றுகை போட்டு உணவுக் கப்பலையும் தடுத்தது. காலையில் நகராட்சி வண்டி வந்து தெருவில் கிடக்கும் உடல்களை எடுத்துப் போகும். சாவைப் பதிந்தால் ரேஷன் அட்டை போய்விடும் என்பதால், இரவில் பிணத்தைக் கல்லறைச் சுவருக்குள் தள்ளிவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு. துருக்கியிலிருந்து குர்துலுஷ் என்ற கப்பல் உணவு கொண்டுவந்தது, 1942 ஜனவரியில் அதுவும் மூழ்கியது. நம் பக்கமெல்லாம் தெரிந்த ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் இந்தப் பஞ்சத்துக்காகத்தான் 1942-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது.

மலையில் கெரில்லாக்கள். இடதுசாரி எலாஸ் ஒரு பக்கம், ஸெர்வாஸ் என்ற தளபதியின் எடெஸ் ஒரு பக்கம், இருவருக்கும் ஆகாது. 1942 நவம்பர் 25 இரவு ஒரே ஒரு முறை சேர்ந்து, பிரிட்டிஷ் வெடிகுண்டு ஆட்களோடு கோர்கொபொடாமோஸ் ரயில் பாலத்தைத் தகர்த்தார்கள். அதன் பிறகு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதும் உண்டு.

மே 1944 என்றேனே. தெற்கே ஒரு ஜெர்மன் ஜெனரலைக் கெரில்லாக்கள் கொன்றதற்குப் பழியாக, மே 1 அன்று ஏதென்ஸின் கெசரியானி துப்பாக்கிப் பயிற்சித் திடலில் 200 கம்யூனிஸ்டுகளைச் சுட்டார்கள். பெரும்பாலோர் எங்கே பிடிபட்டவர்கள்? பிடிபடவே இல்லை. மெடாக்ஸாஸ் அடைத்து வைத்த கைதிகள். 1941-ல் சிறையோடு சேர்த்து ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சகாரியாடிஸின் கடிதம் வந்த அன்றே கதவைத் திறந்திருந்தால் அவர்கள் அல்பேனிய எல்லையில் நின்றிருப்பார்கள். பாடம் நடத்திய காலத்தில் இந்த இடம் வந்தால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

ஒரு சந்தேகம், சீரியஸாகவே. நம் இந்தியப் படை அங்கே இருந்ததா?

---

பரண்புத்தகம் எழுதியது:

1941-ல் இல்லை, அந்த வருடத் தொடக்கத்தில் நாலாவது இந்திய டிவிஷன் எரித்ரியாவில் கெரென் மலையில் மோதிக்கொண்டிருந்தது. 1944 கடைசியில் அதே டிவிஷன் கிரேக்கம் வந்தது. அதன் பிரிகேடுகள் ஏதென்ஸிலும் தெசலோனிகியிலும் பட்ராஸிலும் இருந்தன. ஜெர்மானியர் அக்டோபரிலேயே ஏதென்ஸை விட்டுப் போய்விட்டார்கள். டிசம்பரில் நகரத் தெருக்களில் எலாஸுக்கும், பிரிட்டிஷ் மற்றும் அரசுப் படைகளுக்கும் சண்டை. பிறகு 1946 முதல் 49 வரை முழு உள்நாட்டுப் போர்.

---

கடல்காற்று எழுதியது:

ஓ. அப்படியென்றால் முடிந்த நாளை எப்படிக் கொண்டாடுவார்கள்? அக்டோபரில் முடிந்தது, டிசம்பரில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்ற நாள் அந்த 28 ஒன்றுதான்.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

சிறைக்குள் இருந்தவர்களைத் தவிர.

---

மல்லிகா_டீச்சர் எழுதியது:

சிறைக்குள் இருந்தவர்களும் தம்பி. கடிதத்தை மறந்துவிட்டாயா.

---

கடல்காற்று எழுதியது:

அடுத்த மாதம் கப்பல் பட்ராஸ் போகும் போலிருக்கிறது. ஒரு நாள் லீவு கிடைத்தால் எங்கே போவது?

---

பரண்புத்தகம் எழுதியது:

கலாவ்ரிடா. 1943 டிசம்பர் 13 அன்று அந்த ஊர் ஆண்களைக் குன்றுச் சரிவில் நிறுத்தி 400-க்கும் மேற்பட்டோரைச் சுட்டார்கள். கெரில்லாக்கள் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் சிப்பாய்களைக் கொன்றதற்குப் பழி. தேவாலயக் கடிகாரம் இன்னமும் 2:34-இல் நிற்கிறது.

பட்ராஸிலிருந்து பஸ்ஸில் டியாகொப்டோ போங்கள். அங்கிருந்து மலை ரயில், 22 கிலோமீட்டர், ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக. செங்குத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம் இருக்கும், நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இருக்கும் அதே ஆப்ட் முறை. ஏறும்போது வேகம் குறைந்து கடகடவென்று சத்தம் மாறும், உங்களைப் போன்ற கப்பல்காரருக்குப் பிடிக்கும். டிக்கெட் முன்பே வாங்கிவிடுங்கள், பெட்டி சின்னது.

---

மெல்பர்ன்_மாமி எழுதியது:

குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை கொண்டுபோங்கோ தம்பி. அந்த மலை உங்கட தூத்துக்குடி இல்லை.